பிடிமானம்: சிறு டிராக்டர் உழவின் கணக்கு

ஒரு ஏக்கர் நிலத்தை அரை அடி ஆழத்துக்கு உழுதால் எவ்வளவு மண் புரளும்? ஏக்கர் என்றால் 4,047 சதுர மீட்டர். அரை அடி என்றால் 15 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் சுமார் 600 கன மீட்டர் வரும். வயல் மண்ணுக்குக் கன மீட்டருக்கு 1.4 டன் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 850 டன். சென்னைத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களை ராயபுரம், காசிமேட்டுக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். ஒரு கண்டெய்னருக்கு 25 டன் சரக்கு என்றால், ஒரு ஏக்கர் உழவு என்பது 34 கண்டெய்னர்.

அந்தச் சாலையின் வடகோடியைத் தாண்டி மீஞ்சூர், பொன்னேரி பக்கம் போனால், இதே 850 டன்னை ஒரு டன் எடைகூட இல்லாத மினி டிராக்டர் ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் புரட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. வாங்குகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை எச்.பி.?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் உழவைத் தீர்மானிப்பது அந்த எண் மட்டும் அல்ல. சக்கரம் மண்ணை எவ்வளவு பிடிக்கிறது, மண் என்ன பதத்தில் இருக்கிறது என்ற இரண்டும் குதிரைத்திறனைவிடப் பெரிய விஷயங்கள்.

ஏரும் எஞ்சினும்

மாட்டு ஏரிலிருந்து தொடங்கினால் கணக்கு எளிதாகப் புரியும். ஒரு மாடு நாள் முழுக்கச் சோராமல் இழுக்கக்கூடிய விசை, அதன் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 400 கிலோ எடையுள்ள இரண்டு மாடுகள் சேர்ந்து 80 கிலோ விசையில் இழுக்கும். வேகம் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர். இதைக் குதிரைத்திறனாக மாற்றினால் முக்கால் எச்.பி. வரும்.

நாட்டுக் கலப்பையில் ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் 20 சென்டிமீட்டர் இடைவெளி என்று கொண்டால், ஒரு ஏக்கரை ஒரு ஓட்டு ஓட்டி முடிக்க மாடும் மனிதரும் 20 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இரண்டு ஓட்டு, மூன்று ஓட்டு என்றால் 40, 60 கிலோமீட்டர். நம் தாத்தாக்கள் ஒவ்வொரு பட்டத்துக்கும் வெயிலில் நடந்த தூரம் அது. நான்கு அடி அகல ரோட்டவேட்டர் பூட்டிய மினி டிராக்டருக்கு அதே ஏக்கர் மூன்றரை கிலோமீட்டர் ஓட்டம்தான்.

இனி எஞ்சின் கணக்குக்கு வருவோம். 20 எச்.பி. எஞ்சினில் பாதி வழியிலேயே வீணாகிறது என்றாலும் 10 எச்.பி. மிச்சம் இருக்கும். மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் அது 680 கிலோ விசையில் இழுக்க வல்லது. ஆனால் வண்டியின் எடை 850 கிலோதான். தளர்ந்த வயல் மண்ணில் சக்கரத்துக்குக் கிடைக்கும் பிடிமானம், சக்கரத்தின் மேல் உள்ள எடையில் பாதிகூட இருக்காது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியே ஆனாலும் 380 கிலோவுக்கு மேல் இழுக்கப் போனால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

எஞ்சினிடம் 680 இருக்கிறது. மண் 380-ஐத்தான் வாங்கிக்கொள்கிறது. மீதி வலு டயர் வழுக்குவதில் டீசலாகப் புகைந்துபோகிறது. சிறு டிராக்டரின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. எடையைக் கூட்டாமல் பிடிமானத்தைக் கூட்டுவது எப்படி?

அயர்லாந்திலிருந்து செம்பியம் வரை

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ஹாரி ஃபெர்குசன். 1884-இல் அயர்லாந்தின் வடபகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தானே ஒரு விமானத்தைக் கட்டி 1909 டிசம்பர் 31-ஆம் தேதி பறந்தும் காட்டியவர். முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்க, பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் உணவுப் பஞ்ச பயம் வந்தது. இருக்கிற டிராக்டர்களை இன்னும் நன்றாக உழவைப்பது எப்படி என்று பார்க்கும் வேலை 1917-இல் ஃபெர்குசனிடம் ஒப்படைக்கப்பட்டது.

அன்றைய டிராக்டர் என்பது இரும்பு மாடு. கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு போகும். கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால், சுற்ற முடியாத பின்சக்கரத்தை அச்சாகக் கொண்டு வண்டியின் உடலே சுழலும். முன்பக்கம் எழும்பி, வண்டி பின்னோக்கிக் கவிழ்ந்து, ஓட்டுநர் அடியில் நசுங்கிச் செத்தார். இதற்குப் பயந்து வண்டியின் எடையைக் கூட்டினார்கள். கூடிய எடை மண்ணை அமுக்கியது.

ஃபெர்குசன் கலப்பையைத் தனியே இழுக்காமல் வண்டியின் அங்கமாகவே ஆக்கினார். இன்றும் எந்த டிராக்டரின் பின்னால் போய்ப் பார்த்தாலும் அந்த அமைப்பு தெரியும். கீழே இடமும் வலமும் இரண்டு கைகள், மேலே நடுவில் ஒரு கை. மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். கீழ்க்கைகள் கலப்பையை இழுக்கின்றன. மண் எதிர்க்கும்போது கலப்பையின் தலை முன்னோக்கிச் சாயப் பார்க்கிறது. அப்போது மேல்கை, அதாவது நம் ஓட்டுநர்கள் சொல்லும் 'டாப் லிங்க்', வண்டியை முன்னோக்கித் தள்ளுகிறது. வண்டியின் மூக்கு தரையோடு தங்குகிறது. கலப்பையின் எடையும், அதன்மேல் மண் கீழ்நோக்கி இழுக்கும் விசையும் பின்சக்கரத்தின் மேல் வந்து உட்காருகின்றன.

அதாவது எதிர்க்கிற மண்ணே வண்டிக்கு எடை கொடுக்கிறது. மண் இறுக இறுகச் சக்கரத்தின் பிடியும் இறுகுகிறது. வேலை முடிந்து கலப்பையைத் தூக்கியதும் அந்தக் கூடுதல் எடை மறைந்துவிடுகிறது. தேவையான நேரத்தில் மட்டும் கனக்கிற வண்டி!

டாப் லிங்கின் அடியில் ஒரு சுருள்வில்லை வைத்து அதை ஹைட்ராலிக்கோடு இணைத்தது அடுத்த படி. மண் திடீரென்று இறுகினால் டாப் லிங்க் வில்லை அமுக்கும். ஹைட்ராலிக் கலப்பையைச் சற்றே தூக்கும். இளகிய மண் வந்ததும் மறுபடி இறக்கும். மாட்டு ஏரில் மேழியைப் பிடித்த கை இதைத்தான் செய்துகொண்டிருந்தது. அந்தக் கையின் அறிவை ஒரு சுருள்வில்லுக்குள் கொண்டுவந்துவிட்டார் ஃபெர்குசன். 1938-இல் ஹென்றி ஃபோர்டுடன் எழுத்தில்லாமல் கைகுலுக்கி ஓர் ஒப்பந்தம் போட்டார். 1946 முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் அவருடைய சிறிய சாம்பல்நிற டிராக்டர் பத்து ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேல் உருவாயிற்று. 1953-இல் கனடாவின் மாசி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தார். 1958 முதல் அந்த நிறுவனத்தின் பெயர் மாசி ஃபெர்குசன்.

இந்த இடத்தில் கதை வடசென்னைக்குள் வருகிறது. 1840-இல் மெட்ராஸில் குதிரை வண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்சன், பின்னாளில் எஸ். அனந்தராமகிருஷ்ணன் தலைமையில் அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் முதன்மை நிறுவனம் ஆனது. அந்தக் குழுமம் மாசி ஃபெர்குசனோடு கைகோத்து 1960-இல் தொடங்கியதுதான் டாஃபே டிராக்டர் நிறுவனம். ஃபெர்குசன் இறந்ததும் அதே ஆண்டில்தான். பெரம்பூரை அடுத்த செம்பியத்தில், ஹுசூர் கார்டன் வளாகத்தில், அவருடைய முக்கோணத்தை முதுகில் சுமந்த டிராக்டர்கள் உருவாகத் தொடங்கின. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'மாசி வண்டி' என்று சொன்னால் இன்றும் எல்லோருக்கும் தெரியும்.

திருவொற்றியூரில் 1946-இல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பிறகு அதே ஊரில் டயர் செய்தது. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-இலும், பக்கத்தில் மெட்ராஸ் உரத் தொழிற்சாலை 1971-இலும் இயங்கத் தொடங்கின. டிராக்டர், டயர், டீசல், யூரியா ஆகிய நான்கும் ஒரு சைக்கிளில் சுற்றிவரும் தூரத்துக்குள் பிறந்திருக்கின்றன. புகையும் இரும்பும் மட்டுமே கொண்டது என்று நினைக்கப்படும் இந்த வடசென்னைப் பட்டைக்கும் தமிழ்நாட்டு வயலுக்கும் உள்ள உறவை நாம் போதுமான அளவு பேசியதில்லை.

தள்ளிவிடும் கத்திகள்

ஒன்பது கொத்து கலப்பை, சட்டிக் கலப்பை, இறக்கைக் கலப்பை எல்லாம் இழுபடுகிற கருவிகள். ஓரளவு களி கலந்த மண், வெட்டுமுகத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் அரை கிலோ விசையில் எதிர்க்கும். 30 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு இறக்கைக் கலப்பை போனால் வெட்டுமுகம் 600 சதுர சென்டிமீட்டர். எதிர்ப்பு 300 கிலோ. நாம் கண்ட 380 கிலோ பிடிமானத்துக்கு இந்த ஒரு கலப்பையே ஏறக்குறையச் சரியாகப் போய்விடும்.

ரோட்டவேட்டர் எனும் சுழல் கலப்பை இந்தத் தடையையே சுற்றிக்கொண்டு போகிறது. எஞ்சினின் வலு இங்கே சக்கரம் வழியாக வருவதில்லை. எஞ்சின் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு வழியாக நேரே கத்திகளுக்குப் போகிறது. கத்திகள் சக்கரம் சுற்றும் திசையிலேயே, அதைவிட வேகமாகச் சுற்றி மண்ணை வெட்டிப் பின்னால் வீசுகின்றன. வெட்டும்போது வண்டியை முன்னால் தள்ளவும் செய்கின்றன. சக்கரத்தின் பிடிமானம் போதாத இடத்தில் கருவியே கைகொடுக்கிறது. சிறிய வண்டிக்கும் ரோட்டவேட்டருக்கும் இவ்வளவு பொருத்தம் ஏன் என்பது இதிலிருந்தே விளங்கும்.

கத்திகள் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்ற, வண்டி மணிக்கு மூன்று கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குள் வண்டி 25 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். வரிசைக்கு மூன்று கத்தி என்றால் ஒவ்வொரு கத்தியும் எட்டு சென்டிமீட்டர் கனத்தில் மண்ணைச் சீவுகிறது. வண்டியை மெதுவாக ஓட்டினால் சீவல் மெலிந்து மண் மாவாகும். வேகமாக ஓட்டினால் கட்டி பெரிதாகும். கியரை மாற்றி மாற்றி ஓட்டுநர் பார்ப்பது இந்தச் சீவலின் கனத்தைத்தான்.

ஆனால் மாவாக்குவது நல்ல உழவு அல்ல. நல்ல வயல் மண்ணின் கனஅளவில் பாதிதான் மண். மறுபாதி காற்றும் நீரும் நிற்கும் இடைவெளி. மண்துகள்கள் ஒட்டிச் சிறு மணிகளாக இருந்தால்தான் அந்த இடைவெளி நிலைக்கும். விதைப்படுகைக்கு இரண்டு மில்லிமீட்டர், ஐந்து மில்லிமீட்டர் அளவு மணிகள் போதும். பார்க்க அழகாக இருக்கிறது என்று மூன்றாவது, நான்காவது ஓட்டு ஓட்டி மாவாக்கிய நிலத்தில் ஒரு மழை பெய்தால் மேற்பரப்பு அப்பளமாக இறுகிவிடும். முளை முட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு பிடி மண்

பொன்னேரிக்கு அருகே ஒரு வயலில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். மினி டிராக்டர் வரப்போரம் தயாராக நின்றது. வயலின் சொந்தக்காரப் பெரியவர் உள்ளே இறங்கி, விரல் நீளத்துக்குத் தோண்டி ஒரு பிடி மண்ணை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து உருட்டினார். மண் அறுந்துபோகாமல் மெல்லிய திரியாக நீண்டது. கையை உதறிவிட்டு ஓட்டுநரிடம் சொன்னார்: "ராத்திரி மழ பேஞ்சிருக்கு. இன்னிக்கு வண்டிய எறக்கினா மண்ணு செங்கல்லு மாதிரி ஆயிடும்பா. நாளிக்கு வா."

1911-இல் ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் இதையே ஒரு சோதனையாக வகுத்தார். ஈரமண்ணைத் திரியாக உருட்டும்போது, அது மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு வரும்போதே உடையத் தொடங்கும் ஈரப்பதம் ஓர் எல்லை. அதற்குமேல் ஈரம் இருந்தால் மண் களிபோல் குழையும். அதற்குக் கீழே பொலபொலவென்று உதிரும். குழைகிற ஈரத்தில் கலப்பை போனால் மண் உடையாமல் வழித்து அப்பப்படும். இடைவெளிகள் அடைபடும். காய்ந்தால் கட்டிதான். பெரியவருக்கு அட்டர்பெர்க் பெயர் தெரியாது. அவர் சொல்லும் 'பதம்' அந்த எல்லையேதான்.

நெல்லுக்கு மட்டும் இந்த விதி தலைகீழ். சொர்ணவாரிக்கோ சம்பாவுக்கோ நவரைக்கோ நடவுக்கு முன் தண்ணீரைக் கட்டிச் சேடை ஓட்டும்போது, மண்ணின் கட்டமைப்பைத் தெரிந்தே குலைக்கிறோம். குழைந்த களி நுண்துளைகளை அடைக்கிறது. வயலில் கட்டிய தண்ணீர் கீழே ஓடாமல் நிற்கிறது. களைகள் சேற்றில் புதைந்து அழுகுகின்றன. நாற்று விரலுக்குச் சுலபமாக இறங்குகிறது. தொளியில் இரண்டு டன் டிராக்டர் அச்சுவரை புதைந்து, அதை இழுக்க இன்னொரு வண்டி வரும் காட்சி கிராமத்துக்குப் புதிதல்ல. கேஜ் வீல் எனும் இரும்புக் கூட்டுச் சக்கரம் மாட்டிய சிறு வண்டி அதே தொளியில் மிதப்பதுபோல் போய்விடும். லேசாக இருப்பது இங்கே குறையல்ல, தகுதி.

அடியில் உறையும் தகடு

மண்ணின் மேல்தோல் எவ்வளவு அமுங்கும் என்பதை டயரின் காற்றழுத்தம் தீர்மானிக்கிறது. அமுக்கம் எவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்பதை அச்சின் மேல் உள்ள மொத்த எடை தீர்மானிக்கிறது. மாட்டின் குளம்பு, டயரைவிட அதிக அழுத்தத்தில் மண்ணை மிதிக்கிறது. ஆனால் அந்த இடம் உள்ளங்கை அளவுதான்; அமுக்கம் ஆழத்துக்குப் போகாது. கனத்த டிராக்டரின் பாரமோ கலப்பை எட்டாத ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே இறுகியதை அடுத்த உழவு சரிசெய்ய முடியாது.

சிறு வண்டி இதில் முற்றிலும் குற்றமற்றது அல்ல. ஒவ்வொரு பட்டத்துக்கும் ரோட்டவேட்டரையே ஓட்டிக்கொண்டிருந்தால், கத்திகள் தொடும் அடிமட்டம் தேய்த்துத் தேய்த்து ஒரு தகடாகிவிடும். தண்ணீரை நிறுத்துவதால் நெல்லுக்கு அந்தத் தகடு நல்லது. நெல் அறுத்தபின் உளுந்தோ வேர்க்கடலையோ போட்டால் வேர் அதில் முட்டித் திரும்பும். அடியில் கடினத் தகடு உள்ள நிலங்களில் உளிக் கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். இந்த ஒரு வேலைக்குப் பெரிய டிராக்டர்தான் வேண்டும். ஆண்டுதோறும் தேவைப்படாத வேலை. வாடகைக்கு எடுத்து முடித்துக்கொள்ளலாம்.

மீஞ்சூர்ப் பக்கம் இன்னொரு துயரமும் உண்டு. பல பத்தாண்டுகளாக ஆழ்துளைக் கிணறுகளில் அளவுக்கு மீறி நீர் எடுத்ததால் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறிவிட்டது. அந்த உப்புநீரைப் பாய்ச்சினால் சோடியம் களித்துகள்களைப் பிரித்துவிடும். மணிகள் கரைந்து மண் மூச்சடைக்கும். அதை எந்தக் கலப்பையும் குணமாக்காது. ஜிப்சமும் நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் மருந்து. உழவால் தீராத நோயை மறுபடி மறுபடி உழுது தீர்க்கப் பார்ப்பது டீசலுக்கும் நிலத்துக்கும் நட்டம்.

வயலில் பார்க்க வேண்டியவை

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் கீழே. இந்த அளவு நிலத்துக்குச் சிறு வண்டி பொருத்தமானது. சொந்தமாக வாங்க வேண்டும் என்பதும் இல்லை. வேளாண் பொறியியல் துறையின் கருவிகளை உழவன் செயலியில் இ-வாடகை மூலம் பதிவு செய்து எடுக்கலாம்.

வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் சக்கரம் வழுக்குவதை அளந்து பாருங்கள். டயரில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டு, கருவியைத் தூக்கி வைத்து வயலில் பத்துச் சுற்றுக்கு வண்டி போகும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை இறக்கி உழும்போது அதே பத்துச் சுற்றுக்கான தூரத்தை அளவிடுங்கள். தூரம் பத்து முதல் பதினைந்து சதவீதம் குறைந்தால் சரி. அதற்குமேல் குறைந்தால் ஆழத்தைக் குறைக்க வேண்டும். சங்கிலி கட்டி எதையாவது இழுக்க நேர்ந்தால் பின்அச்சுக்கு மேலே எங்கும் கட்டவே கூடாது. ஃபெர்குசன் காலத்துக்கு முன்பு ஓட்டுநர்களைக் கொன்ற கவிழ்ப்பு, அப்படிக் கட்டினால் இன்றும் கொல்லும். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, நொடிக்கு ஒன்பது சுற்று சுற்றுகிறது. வேட்டி நுனியோ துண்டோ சிக்கினால் கையை எடுக்கவும் அவகாசம் இருக்காது. அதன்மேல் மூடி இல்லாத வண்டியை வயலில் இறக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வண்டி வரப்பைத் தாண்டுமுன், உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். புன்செய் உழவு என்றால், திரியாக நீள்கிற மண்ணில் வண்டியை இறக்க வேண்டாம். வாடகை வண்டி திரும்பிப் போனாலும் பரவாயில்லை, நாளைக்கு வரச் சொல்லுங்கள். ஒரு நாள் காத்திருந்தால், அந்த 850 டன்னும் செங்கல்லாகாமல் மண்ணாகவே இருக்கும்.